சப்ரஸர் மாட்டிய ஏ.ஆர்.-15: முகத்தில் அடிக்கும் புகையைக் குறைப்பது எப்படி?

துப்பாக்கிக் குழலின் முனையில் சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸரை மாட்டிக்கொண்டு, சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சுக்குப் போன முதல் நாள், மூன்றாவது மேகசின் முடிவதற்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். சன்னல் திறக்காத அடுப்படியில் காய்ந்த மிளகாய் கருகினால் ஒரு நெடி வருமே, கிட்டத்தட்ட அது. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பு. பக்கத்தில் இருந்த நண்பன் இடக்கைக்காரன். அவனிடம் துப்பாக்கியைக் கொடுத்தேன். ஐந்தே தோட்டா. கீழே வைத்துவிட்டு, "மாப்ள, சத்தம் கொறஞ்சிருக்கு, சரி. என் மூஞ்சில யார்டா ஊதறது?" என்றான்.

அதற்கப்புறம் ஆறேழு மாதம், ஆளுக்கொன்று சொன்னதைக் கேட்டு ஒவ்வொரு பாகமாக வாங்கி மாட்டினேன். பாகங்களில் குறையில்லை, வாங்கிய வரிசைதான் தப்பு. கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கி, முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தேன். நீங்களாவது நேர்வரிசையில் போக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்ஸஸில். கீழே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் சட்டப்படி சப்ரஸர் வைத்திருக்கக்கூடியவர்களுக்கு மட்டும். துப்பாக்கி என்று நான் சொல்வது 5.56 மி.மீ. ஏ.ஆர்.-15, ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சுட்டபின் கையால் திறக்கும்வரை அது மூடியே இருக்கும்.

1. புகை எந்த வழியில் வருகிறது என்று முதலில் பாருங்கள்

இதைத் தாண்டிக் குதித்ததுதான் என் முதல் தவறு.

ஏ.ஆர்.-15-ல் குண்டு பேரலில் (குழலில்) ஓடும்போது, வழியில் இருக்கும் ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு மேலே ஏறுகிறது. அந்தத் துளைதான் கேஸ் போர்ட். அதன் மேல் உட்கார்ந்திருப்பது கேஸ் பிளாக். அங்கிருந்து மெல்லிய கேஸ் டியூப் வழியாகப் பின்னால் வந்து, பேரலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட்டைத் தாங்கும் போல்ட் கேரியருக்குள் புகுந்து அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வேலை முடிந்த வாயு கேரியரின் வலப்பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு துளைகள் வழியாக வெளியேறும். இது ஒரு வழி.

இன்னொரு வழி பேரலேதான். போல்ட் திறக்கும்போது பேரலுக்குள் இன்னும் அழுத்தம் மிச்சமிருந்தால், அது நேராகப் பின்பக்கம் பாயும். வெறும் பேரலாக இருந்தால், குண்டு வெளியேறிய கணமே அழுத்தம் முன்பக்கமாகக் கொட்டிவிடும். சப்ரஸரின் வேலையே அந்த வாயுவைப் பிடித்து மெதுவாக விடுவது. ஆகவே அழுத்தம் நீண்ட நேரம் உள்ளேயே நிற்கிறது. கேஸ் டியூபுக்குள்ளும் அதிகம் போகிறது. கேரியர் வேகமாக, சீக்கிரமாகத் திறக்கிறது.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அதுதான் உங்கள் முகத்துக்கு முன்னால் நடக்கிறது. தீர்வும் அங்கேயே இருக்கிறது: ஆவியை முன்பக்கமாக விடும் சப்ரஸரை வாங்கலாம், மூடி திறப்பதைத் தாமதப்படுத்தலாம், அடுப்பைச் சிறிதாக்கலாம், எதுவும் முடியாவிட்டால் முகத்துக்கு எதிரே இருக்கும் இடுக்கை அடைக்கலாம்.

கேஸ் பிளாக்கைச் சரிசெய்தால் முதல் வழி நேரடியாகக் குறையும். பேரல் வழியாக வருவது, போல்ட் தாமதமாகத் திறக்கிற அளவுக்கு மட்டுமே குறையும். ஆகவே புகை அடியோடு நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். "இந்த ஒன்றை மாட்டினால் போதும்" என்று விற்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

2. சப்ரஸர் இன்னும் வாங்கவில்லையா? நல்லது

பாதிப் பிரச்சினை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. பழைய பாணிச் சப்ரஸர்களில் தடுப்புத் தகடுகள் வாயுவை அறை அறையாகப் பிடித்து வைக்கும். இப்போது 'ஃப்ளோ த்ரூ' என்று ஒரு வகை வருகிறது. இது வாயுவைச் சுற்றுப்பாதையில் விட்டு முன்பக்கமாகவே வெளியேற்றும். ஹக்ஸ்வொர்க்ஸ் நிறுவனம் இதற்குப் பெயர் போனது, மற்றவர்களும் செய்கிறார்கள். பின்னழுத்தம் மிகக் குறைவு, துப்பாக்கியில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் குழல் முனையில் சத்தமும் தீப்பொறியும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஏ.ஆர்.-15 மட்டும்தான் சுடப்போகிறீர்கள் என்றால் எனக்கு இதில் யோசனையே இல்லை, இதையே வாங்குங்கள். நான் வாங்கும்போது கடைக்காரர் சத்தத்தின் டெசிபல் கணக்கை மட்டும்தான் காட்டினார். நானும் அதை மட்டும்தான் பார்த்தேன்.

அடுத்து காகித வேலை.

யார் வாங்கலாம்: கடையில் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினையில்லை. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வாட்ஸாப் குழுவில் கேட்டுவிட்டு அதை நம்பிக் காலை வைக்காதீர்கள். விசா போய்விடும். வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

எங்கே: 42 மாநிலங்களில் தனிநபர் சப்ரஸர் வைத்திருக்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டிலும் கூடாது. வேலை மாறி நியூஜெர்சிக்குக் குடிபோகும் நம் ஆட்கள் இதை மறந்துவிடக் கூடாது. வீட்டுச் சாமானோடு சாமானாக லாரியில் ஏற்றும் பொருள் அல்ல இது.

என்ன தாள்கள்: துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் ஃபார்ம் 4 விண்ணப்பம். கூடவே கைரேகை, பாஸ்போர்ட் அளவுப் படம், உங்கள் பகுதிக் காவல் தலைமை அதிகாரிக்கு ஒரு நகல். அந்த நகல் தகவலுக்குத்தான், அவர் அனுமதி தேவையில்லை. ஏ.டி.எஃப்.-இன் ஈஃபார்ம்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கிக் கடையோடு சேர்ந்து மின்னணு முறையிலேயே அனுப்பிவிடலாம். கைரேகையையும் கோப்பாக ஏற்றலாம். மை தடவிய அட்டையை அஞ்சலில் அனுப்பி, ரேகை தெளிவில்லை என்று திரும்பி வருவதைவிட இது மேல்.

எவ்வளவு: நான் 2025-ல் வாங்கினேன், வரி 200 டாலர் கட்டினேன். ஜனவரி 1, 2026 முதல் சப்ரஸருக்கு அந்த வரி பூஜ்யம். சில மாதம் பொறுத்திருக்கலாம், சரி, விடுங்கள். ஆனால் வரி போனதே தவிர பதிவு போகவில்லை. ஃபார்ம் 4, கைரேகை, படம், ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. "இப்போ ஃப்ரீ ஆயிடுச்சு, அப்படியே வாங்கிக்கலாம்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அப்படி வாங்கினால் அது கடும் குற்றம்.

எத்தனை நாள்: எனக்கு இரண்டு வாரத்துக்குள் ஒப்புதல் வந்தது. கூட்டம் அதிகமானால் நீளும். ஒப்புதல் வரும்வரை சப்ரஸர் கடையிலேயே இருக்கும். பணம் முழுக்கக் கட்டியிருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

தனிநபர் பெயரிலா, டிரஸ்ட் பெயரிலா? தனிநபர் என்றால் நீங்கள் உடன் இல்லாமல் வேறு யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. மனைவியும்தான். பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரிந்திருப்பதே சிக்கலாகலாம். இரண்டு பேரும் சுடுவீர்கள் என்றால் டிரஸ்ட் போடுங்கள். அப்போது டிரஸ்டில் பொறுப்பாளராக இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே கைரேகையும் படமும் கொடுக்க வேண்டும்.

ஒப்புதல் வந்த தாளின் நகலை ஒன்று துப்பாக்கிப் பையில், ஒன்று ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். சில ரேஞ்சுகளில் வாசலிலேயே கேட்கிறார்கள்.

3. மாட்டும்போது நேராக இருக்கிறதா என்று பாருங்கள்

இது புகை சம்பந்தப்பட்டதல்ல. இருந்தாலும் இதைச் சொல்லாமல் அடுத்ததுக்குப் போக முடியாது. சப்ரஸர் ஒரு மயிரளவு சாய்ந்திருந்தாலும் குண்டு உள்தகட்டில் இடித்து, காசும் போகும், ஆளுக்கும் ஆபத்து. 5.56 பேரலில் பெரும்பாலும் 1/2-28 மரை இருக்கும். .30 வகைகளில் 5/8-24. வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். மரையில் ஏற்கெனவே இருக்கும் நசுங்கும் வாஷரை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அது ஒரே சீராக நசுங்காது. சப்ரஸரைத் தாங்கும் மவுண்டுக்குத் தட்டையான ஷிம் எனும் மெல்லிய வளையம்தான். அப்புறம் ஒரு நேர்கம்பி வாங்கி, துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, முன்பக்கமிருந்து பேரலுக்குள் விடுங்கள். சப்ரஸர் வாயின் நட்டநடுவில் அது தெரிய வேண்டும். முதல் தோட்டா இதற்கப்புறம்தான்.

4. எதையும் வாங்கும் முன் ஒரு மேகசின் சுட்டுக் குறிப்பெடுங்கள்

ஒரு சிறு நோட்டுப் புத்தகம், ஒரு பழைய போர்வை. போர்வையைத் துப்பாக்கியின் வலப்பக்கம் தரையில் விரித்துவிட்டு முதலில் சப்ரஸர் இல்லாமல் பத்து, அப்புறம் சப்ரஸரோடு பத்து. காலித் தோட்டாக்கூடுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். குழல் முனையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்தால், 3-லிருந்து 4:30-க்குள் விழுவது ஆரோக்கியம். 1, 2 மணிப் பக்கம் முன்னால் பறந்தால் வாயு அதிகம், கேரியர் அவசரப்படுகிறது. 5-க்குப் பின்னால் சோர்ந்து விழுந்தால் வாயு போதவில்லை.

எனக்குச் சப்ரஸர் இல்லாமல் 3 மணி. மாட்டியதும் 1 மணி. பக்கத்து மேசைக்காரரின் காபிக் கோப்பையில் ஒன்று விழுந்து நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

கூட்டின் விளிம்பையும் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை உரசி இழுபட்டிருந்தால், விளிம்பு வளைந்திருந்தால், அழுத்தம் அடங்குவதற்குள் கூட்டைப் பிடுங்கி இழுக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில சமயம் கடைசித் தோட்டா முடிந்தும் போல்ட் பின்னால் பூட்டிக்கொண்டு நிற்காது. உடனே எல்லோரும் "வாயு பத்தலை" என்பார்கள். வாயு அதிகமாகி, போல்ட் மிக வேகமாகப் போய்வந்து, மேகசின் ஸ்பிரிங் மேலே தள்ளுவதற்குள் தாண்டிவிட்டாலும் இதேதான் நடக்கும். கூடுகள் விழும் திசையைச் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். நான் அதைப் பார்க்காமல், இருந்த வாயுவைக் குறைப்பதற்குப் பதில் இன்னும் லேசான பஃபர் (போல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் எடை, அடுத்து வருகிறது) வாங்கி மாட்டினேன். அன்றைக்கு வந்த நெடியை இப்போது நினைத்தாலும் இருமல் வருகிறது.

5. முதல் செலவு: கனமான பஃபர்

சுமார் 30 டாலர். ஐந்து நிமிட வேலை. மேலே சொன்ன குக்கர் மூடியைத் தாமதப்படுத்துவது இதுதான்.

தோளில் வைக்கும் ஸ்டாக்குக்குள் இருக்கும் குழாயில் ஸ்பிரிங்கோடு இருக்கும் எடைதான் பஃபர். சாதாரண கார்பைன் பஃபர் ஏறத்தாழ 3 அவுன்ஸ். எச் என்றால் 3.8, எச்2 என்றால் 4.7 அவுன்ஸ் பக்கம், எச்3 அதற்கும் மேல். உள்ளே மூன்று குட்டி எடைகள் இருக்கும். மூன்றும் இரும்பு என்றால் கார்பைன், ஒன்று டங்ஸ்டன் என்றால் எச், இரண்டு என்றால் எச்2, மூன்றும் என்றால் எச்3. இது தெரிந்தால் ஒரே பஃபரை வைத்துக்கொண்டு எடைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரேயடியாக எச்3-க்குத் தாவாதீர்கள். எச்2-வில் தொடங்குங்கள். உங்கள் மலிவான பயிற்சித் தோட்டா, நல்ல தோட்டா இரண்டையும் சுட்டு, இரண்டிலும் கடைசியில் போல்ட் பூட்டுகிறதா என்று பாருங்கள். எனக்கு எச்2 போட்டதும் 1 மணி 2:30-க்கு வந்தது. உதை மென்மையானது. நெடி குறைந்தது, ஆனால் போகவில்லை.

ஒரு விஷயம்: இது எல்லாம் கார்பைன் அளவு குழாய்க்கு. நீளமான ரைஃபிள் ஸ்டாக் இருந்தால் அதன் பஃபர் வேறு. இரண்டையும் குழப்பிப் போட்டால் ஏதாவது உடையும்.

6. பெரிய வேலை: சரிசெய்யக்கூடிய கேஸ் பிளாக்

அடுப்பைச் சிறிதாக்குவது இதுதான். கடையில் வரும் பேரல்கள் பலவற்றில் கேஸ் போர்ட்டைத் தாராளமாகத் துளைத்திருப்பார்கள். எந்த மட்டமான தோட்டாவைப் போட்டாலும் ஓட வேண்டும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்ற கணக்கு. சப்ரஸர் மாட்டும்போது அந்தத் தாராளம் உங்கள் கண்ணில் வந்து விழுகிறது.

இதில் இரண்டு வகை. ஒன்று வாயு போகும் வழியைத் திருகால் அடைப்பது. இன்னொன்று மிகுதி வாயுவை முன்பக்கமாக வெளியே விட்டுவிடுவது. இதற்கு 'பிளீட் ஆஃப்' என்று பெயர். எதை வாங்கினாலும் 'கிளிக்' வைத்ததாக வாங்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் டக்கென்று நிற்கும், எண்ணிக்கொள்ளலாம். வெறும் திருகு மட்டும் இருப்பது சூட்டிலும் அதிர்விலும் தானாக நகரும், இல்லாவிட்டால் கரி பிடித்து இறுகிப்போகும்.

வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். உங்கள் பேரலின் விட்டம் என்ன? பெரும்பாலும் 0.750 அங்குலம், மெல்லிய பேரல் என்றால் 0.625. பேரலைச் சுற்றிக் கை பிடிக்கும் உறையான ஹேண்ட்கார்டுக்கு அடியில் அது நுழையுமா? திருகைத் திருப்ப ஆலன் சாவி எந்தப் பக்கமிருந்து போக வேண்டும், அந்த இடத்தில் ஹேண்ட்கார்டில் துளை இருக்கிறதா? மூன்றாவதை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை ஒரு கிளிக் மாற்றவும் ஹேண்ட்கார்டையே கழற்ற வேண்டியிருந்தது. இரண்டு வாரம் அப்படி மல்லுக்கட்டிவிட்டு வேறொன்று வாங்கினேன். 80 டாலர் தண்டம்.

நீங்களே மாட்டுவதா? கேஸ் டியூபைப் பிடித்திருக்கும் ரோல் பின் தீக்குச்சித் தடிமன்கூட இருக்காது. அதைத் தட்டி எடுக்கச் சரியான பஞ்ச் வேண்டும். பழைய கேஸ் பிளாக் ஆணியடித்துப் பொருத்தியதாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். புதியதை மாட்டும்போது அதன் துளையும் பேரலின் துளையும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் அப்புறம் எத்தனை கிளிக் திறந்தாலும் ஓடாது, காரணமும் பிடிபடாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்தேன், கூலி 70 டாலர், பத்து நாள். கொடுக்கும்போது சப்ரஸரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, துப்பாக்கியை மட்டும் கொடுங்கள்.

பஃபர், கேஸ் பிளாக் இவற்றை மாற்ற ஏ.டி.எஃப். தாள் எதுவும் தேவையில்லை. ஆனால் இரண்டு இடத்தில் கை வைக்காதீர்கள். ஒன்று, "முன்னால் இரண்டு துளை போட்டால் காற்று போய்விடுமே" என்று சப்ரஸரைத் துளைப்பது. இன்னொன்று, வேறு நீளத்தில் கேஸ் டியூப் வேண்டும் என்று 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் வாங்கி மாட்டுவது. முதலாவது உரிமம் இல்லாமல் செய்யக் கூடாத வேலை, இரண்டாவதற்கு முன்கூட்டியே தனிப் பதிவு வேண்டும்.

7. கிளிக் கிளிக்காகச் சரிசெய்வது

ஒரு காலை முழுக்க ஒதுக்குங்கள். அவசரத்தில் செய்தால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். துப்பாக்கி சுத்தமாக, எண்ணெய் போட்டு இருக்கட்டும். சப்ரஸர் மாட்டியிருக்க வேண்டும். எச்2 பஃபர், வழக்கமாகச் சுடும் தோட்டா.

கேஸை முழுக்க மூடுங்கள். எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு, உடன் வந்த தாளைப் பாருங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுடுங்கள். போல்ட் பின்னால் பூட்டாது. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, மேகசினைக் கழற்றி, போல்ட்டைக் கையால் இழுத்து, அறை காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு ஒரு கிளிக் திறங்கள். மறுபடி ஒரு தோட்டா. இப்படியே. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள்: கிளிக் எத்தனை, கூடு எங்கே விழுந்தது, பூட்டியதா.

பூட்டும் முதல் கிளிக்கில் நிறுத்தி, அதே நிலையில் ஐந்து முறை, ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டுப் பாருங்கள். ஐந்திலும் பூட்டினால் அதற்கு மேல் இரண்டு கிளிக் கூட்டுங்கள். அந்த இரண்டும் குளிருக்கும் அழுக்குக்கும் விடும் இடம். கண் எரியவில்லையே என்று பூட்டிய அந்த முதல் கிளிக்கிலேயே விட்டுவிடாதீர்கள். அக்டோபரில் நன்றாக ஓடியது ஜனவரி இரவில் பாதியில் நின்றது எனக்கு. முப்பதடி தூரத்தில் பன்றி என்னைப் பார்த்துக்கொண்டே நடந்து போயிற்று.

சப்ரஸரைக் கழற்றிச் சுட்டால் இந்த நிலையில் துப்பாக்கி ஓடாமல் போகலாம். அது கோளாறல்ல. சப்ரஸர் இல்லாமல் எத்தனை கிளிக் வேண்டும் என்று அதே நாளில் தனியாகப் பார்த்து எழுதி வையுங்கள். என்னுடையதில் சப்ரஸரோடு 6, இல்லாமல் 11. பெயின்ட் பேனாவால் ஸ்டாக்கின் அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வேலையின் நடுவில் சப்ரஸரைத் தொட்டுவிடாதீர்கள். ஒரு மேகசினுக்கே தோசைக்கல் சூடு ஏறிவிடும்.

8. கடைசியாக, இடுக்கை அடைப்பது

எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான், நானும். மிச்சப் புகை முகத்துக்கு வருவது பெரும்பாலும் போல்ட்டைக் கையால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலுக்கும், துப்பாக்கியின் மேல்பாதியான அப்பரின் பின்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக. கன்னத்தை ஸ்டாக்கில் வைத்தால் அந்த இடுக்கு நேராக மூக்குக்கு முன்னால். இதற்கென்றே செய்த ஹேண்டில்கள் இருக்கின்றன. பி.ஆர்.ஐ. கேஸ் பஸ்டரில் புகையைத் தடுக்க ஓர் உதடு உண்டு. ரேடியன் ராப்டர் எஸ்.டி.-யில் புகையை வேறு பக்கம் விடத் துளைகள் உண்டு. ஏறத்தாழ 100 டாலர்.

அதற்கு முன் 9 டாலர் வைத்தியம் ஒன்று. வாகனக் கடையில் கிடைக்கும் சூடு தாங்கும் கறுப்பு ஆர்.டி.வி. சிலிக்கான் பசை. அப்பரைக் கழற்றி, போல்ட் கேரியரை எடுத்துவிட்டு, ஹேண்டில் வந்து உட்காரும் பின்விளிம்பை ஆல்கஹாலால் துடைத்தேன். ஹேண்டிலைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றினேன், ஒட்டிக்கொள்ளக் கூடாதே. விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கைத் தடிமனுக்குப் பசையை இழுத்துவிட்டு, ஹேண்டிலை முழுக்க உள்ளே தள்ளி, ஒரு நாள் அப்படியே வைத்தேன். மறுநாள் தாளை உரித்து, பிதுங்கியதைப் பிளேடால் சீவினேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் வேலை செய்கிறது. வருடத்துக்கு ஒரு முறை உரித்துவிட்டு மறுபடி போட வேண்டும். சாப்பாட்டு மேசையில் மட்டும் செய்யாதீர்கள். புளிக்காடி வாசம் இரண்டு நாள் நின்றது, வீட்டில் பேச்சு வாங்கினேன்.

இடக்கைக்காரர்களுக்கு இது பாதிதான் உதவும். கேரியரின் துளைகளும் கூடு வெளியேறும் வாயும் வலப்பக்கம், அதாவது நேராக அவர்கள் முகத்துக்கு. என் நண்பன் கடைசியில் இடப்பக்கம் கூடு தள்ளும் அப்பர் ஒன்று வாங்கினான். அவனுக்கு அதுதான் தீர்வு.

9. மிச்சப் புகையில் ஈயம் இருக்கிறது

கண் எரிச்சல் போனதும் எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள். சாதாரணத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஈயக் கலவை இருக்கிறது, குண்டின் அடிப்பாகத்திலும் ஈயம் வெளியே தெரியும். பின்னால் வரும் புகையில் அதுவும் சேர்ந்துதான் வருகிறது. உள்ளரங்க ரேஞ்சில் காற்றோட்டம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து முன்னால் போகிறதா என்று பாருங்கள். வெளியில் என்றால் எதிர்க்காற்றில் உட்காராதீர்கள். சுட்டு முடித்துக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஈயத்தை நீக்கவென்றே சோப்பு விற்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். உடைகளைக் குழந்தைகள் துணியோடு போடாமல் தனியாகத் துவையுங்கள். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கம் இங்கே மருந்துபோல வேலை செய்யும். கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மாதம் இரண்டு மூன்று முறை சுடுபவர் என்றால், வருடாந்திரப் பரிசோதனையில் இரத்தத்தில் ஈய அளவையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கவனிக்க வேண்டிய அளவு. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு எப்போதும் வேண்டும். சப்ரஸர் மாட்டிய ஏ.ஆர்.-15 சினிமாவில் வருவதுபோல 'புஸ்' என்று போகாது.

10. எனக்கு ஆன செலவும் நாளும்

சப்ரஸர் தவிர்த்து, நேர்வரிசையில் போயிருந்தால்: எச்2 பஃபர் 30, கேஸ் பிளாக் 95, கூலி 70, சிலிக்கான் 9. மொத்தம் 204 டாலர். கன்ஸ்மித் வைத்திருந்த பத்து நாளும், ஒரு காலை ரேஞ்சும், அறுபது எழுபது தோட்டாவும். நான் செய்த வரிசையில், ஹேண்டில், லேசான பஃபர், அதிக விசை ஸ்பிரிங், உதவாத முதல் கேஸ் பிளாக் எல்லாம் சேர்ந்து 450-க்கு மேல். ஹேண்டில் இப்போதும் துப்பாக்கியில் இருக்கிறது, மற்றவை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.

பராமரிப்பு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் கேஸ் பிளாக் திருகை முழுக்க மூடி, முழுக்கத் திறந்து, மறுபடி உங்கள் கிளிக்குக்குக் கொண்டுவாருங்கள். நூறு இருநூறு தோட்டாவுக்கு ஒரு முறை இதைச் செய்யாவிட்டால் கரி இறுகி, அப்புறம் ஆலன் சாவிதான் மழுங்கும். எண்ணிக்கை மறந்துபோனால் ஸ்டாக்கின் அடியில் பாருங்கள்.